விரதம் இருந்த ஜாடிகள்

மந்தைவெளி,
13-1-2025, போகி.

சிரஞ்சீவி குழந்தை ஸஹானாவுக்கு பத்ரி மாமா நெஞ்சு நிறைய ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நானும் ஜானு மாமியும் சௌக்யம். மாமியின் முழங்கால் மட்டும் தனிக் கட்சி நடத்துகிறது.

நீ உதய்பூரிலிருந்து அனுப்பின பெட்டி காலம்பற வந்தது. மூணு மாடி தூக்கிண்டு வந்த தபால்காரர், "உள்ள இன்னா சார், கல்லா?" என்றார். "கல்லுதான்ப்பா. கூடவே கல்லைத் தின்கிற பூச்சியும் கீது" என்றேன், அவர் பாஷையிலேயே. மனுஷன் பேனாவைக்கூட என்னிடமே விட்டுவிட்டு இறங்கி ஓடிவிட்டார். அந்தப் பேனாவில்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிவிட்டேன். கல்லுப்பொடி நாலு பொட்டலம். சுக்குப்பொடியை விட நைஸ். பூச்சி இருக்கிற பாக்கெட் நாலு, ஒன்றிலிருந்து நாலு வரை நம்பர் போட்டது. கலர் காகிதக் கட்டு, நீலச் சொட்டு மருந்து, நீல அட்டை, தினம் பூர்த்தி பண்ண வேண்டிய கார்டு, நாலு ஜாடி வெல்லத்தண்ணியில் ஒவ்வொரு பாக்கெட்டாகப் போடச் சொல்லும் குறிப்புத் தாள். ஃபோனில் பேசி அனுப்பாதீங்கோ, கையால் எழுதித் தபாலில் போடுங்கோ என்று நீ உத்தரவு போட்டதில் எனக்குப் பரம சந்தோஷம். உங்கள் ப்ரொஃபசர் அசல் கையெழுத்தைப் பார்க்க வேண்டுமாமே. தாராளமாய்ப் பார்க்கட்டும். நான் ஒன்பதாவதோடு நின்றவன்தான். ஆனால் நான் நின்றதும் சயின்ஸ் வாத்தியார், "இனிமே யார் கேள்வி கேப்பா?" என்று மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இது மயிலாப்பூர் முழுக்கத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். இந்தப் பூச்சிக்குப் பல் உண்டா? பாறையை எங்கே பிடித்துக் கடிக்கிறது? கல்லைத் தின்கிறவனுக்கு வெல்லம் எதற்கு? ஒரு ஜாடி போதாதா, ஏன் நாலு?

நாளைக்குப் பொங்கல், அப்புறம் கனு, அப்புறம் எனக்குத் தை முகூர்த்தம் வரிசையாக. கேட்டரிங் பார்ட்டியில் பந்தி விசாரணைக்கு நான் இல்லையென்றால் பாயசம் இலையை விட்டு ஓடிவிடும். ஆகையால் நாள் பார்த்து 22-ம் தேதி புதன்கிழமை ஆரம்பிக்கிறேன்.

உன் மாமா,
பத்ரிநாராயணன்

*

உதய்பூர்,
17-1-2025

அன்புள்ள மாமாவுக்கு ஸஹானா நமஸ்காரம்.

பல் இல்லை மாமா, வாயே இல்லை. ஒரு கடுகுக்குள்ள கோடிக்கணக்கில் அடங்கிடும், அவ்வளவு சின்னது. அது வெல்லத்தைச் சாப்பிடும், புளிப்பை வெளியே விடும். நம்மாத்து மாவு புளிக்கிற மாதிரிதான், ஆனா இது வேற புளிப்பு. கல்லுக்குள்ள பாஸ்பரஸ் இருக்கு. செடிக்கு அதுதான் வேணும். ஆனா கால்சியம் அதை இறுக்கிப் பிடிச்சுண்டிருக்கு, விடாது. புளிப்பு வந்து கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கும். கை விட்டவுடனே பாஸ்பரஸ் தண்ணியில இறங்கிடும். பெரிய ஃபாக்டரிகளில் இதையே கடுமையான ஆசிட் ஊத்திப் பண்றா. நான் வெல்லத்தை வெச்சுப் பண்ணப் பார்க்கறேன்.

கலர் காகிதத்தை முக்கினா பச்சை வந்தா ஏழு, அதாவது புளிக்கலை. மஞ்சள், ஆரஞ்சுன்னு இறங்கிச் சிவப்பு வந்தா மூணு, நன்னா புளிச்சிருக்கு. நீலச் சொட்டு போட்டா, எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பரஸ் கரைஞ்சிருக்கு. அட்டையோட ஒப்பிட்டு நம்பர் போடுங்கோ.

ஏன் நாலுன்னு மட்டும் கேக்கப்படாது. நாலும் ஒரே மாதிரி இருக்காது. என்ன தெரியறதோ அதை எழுதுங்கோ, போதும்.

இதுல எனக்கு என்ன இருக்குன்னு சொல்லிடறேன். லாப்ல இந்த பாக்டீரியா வேலை செய்யறதுன்னு காட்டிட்டேன். சாதாரண ஆத்துல, சாதாரணக் கையில வேலை செய்யறதான்னு பிப்ரவரி 24 கமிட்டியில காட்டணும். இல்லேன்னா என் நாலு வருஷ வேலையை மூடிடுவா. நாலு ஆத்துக்கு அனுப்பினேன். அடையாறுல வேலைக்காரம்மா ஜாடியைத் தேய்ச்சுக் கவுத்துட்டா. தி.நகர்ல வீடு மாத்திண்டு போயிட்டா. அசோக் நகர்ல, நம்மாத்துலயே, அம்மா "எத்தனை நாள் இதை வெச்சுண்டு இருக்கறது"ன்னு கருவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டா. மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான்.

மாமா, கோச்சுக்கப்படாது. நீங்க எது சொன்னாலும் அம்மா பாதியைக் கழிச்சுப்பா. நான் சின்ன வயசிலேர்ந்து கழிச்சதே இல்லை. அந்தக் கார்டுல மட்டும் கழிக்க வேண்டிய அவசியம் இல்லாம எழுதுங்கோ.

உங்கள்
ஸஹானா

*

மந்தைவெளி,
27-1-2025

குழந்தாய்,

ஆசிகள். அஞ்சு நாள் கார்டும் உள்ளே வைத்திருக்கிறேன். கழிக்கிற பேச்சே வேண்டாம். உன் அம்மா சின்ன வயசிலேயே கணக்கில் வீக், கழித்தல் மட்டும்தான் வரும்.

புதன்கிழமை ஜாடிகளை வெந்நீர் விட்டுக் கழுவி, வெல்லத்தண்ணியைக் கொதிக்க வைத்து ஆற்றி, துணி கட்டி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் வரிசையாக உட்கார்த்தினேன். நாலு மாப்பிள்ளை உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூணாம் நாளே ஒன்றும் மூன்றும் காகிதத்தை ஆரஞ்சு ஆக்கிவிட்டன. இன்றைக்கு நல்ல சிவப்பு! நீலச் சொட்டு விட்டேன் பாரு, அட்டையில் நாலாம் நம்பர். புடவைக் கடை பாஷையில் சொன்னால் மயில்கழுத்து. கல்லுக்குள்ளிருந்து மயில்கழுத்து வருகிறது! அரைமணி நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மாமி, "சாதம் ஆறறது" என்று கீழேயிருந்து கத்தினாள். இத்தனை பெரிய மலைகளெல்லாம் இதை உள்ளே வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறதே என்று ஆச்சரியமாய் இருந்தது.

இதில் ஒரு கலாட்டா. மாடிப்படியில் நாலு பேர் கேட்கும்போது, "ஒரு கரண்டி போதும், பரங்கிமலையையே கரைத்துவிடும்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அசோசியேஷன் செக்ரட்டரி முத்துகிருஷ்ணன், உனக்குத் தெரியுமே, தடி ஊன்றிக்கொண்டு நடப்பாரே, அவர் ராத்திரி தூங்கவில்லையாம். காலம்பற வந்து ஜாடியைச் சுற்றித் தரையைத் தடியால் தட்டித் தட்டிப் பார்க்கிறார்.

"ஓய் பத்ரி, கட்டடத்துக்கு முப்பத்தெட்டு வயசு. கட்டினவனே பாதி சிமெண்டைத் தின்னுட்டான். மிச்சத்தை உம்ம பூச்சி தின்னா நாமெல்லாம் எங்கேய்யா போறது?"

"பூச்சி வெல்லம் இருக்கற வரைக்கும் ஜாடியை விட்டு வராது ஓய்."

"வெல்லம் தீர்ந்தா?"

அவர் நம்புவதற்காக, முக்கின காகிதங்களை அன்றன்றைக்கு நம்மாத்துக் காலண்டர் கட்டத்திலேயே ஒட்டி வைக்கிறேன். தினம் வந்து பார்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போகிறார்.

இரண்டும் நாலும் மட்டும் கொஞ்சம் மந்தம். கூச்ச சுபாவம் போலிருக்கிறது. பக்கத்தில் ஒருத்தன் வெளுத்துக் கட்டும்போது அதுகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருக்கிறது. தைரியமாய் இரு.

உன் மாமா,
பத்ரி

*

மந்தைவெளி,
30-1-2025

வெற்றி! வெற்றி!

ஸஹானாக் குழந்தே, நாலு ஜாடியும் சிவப்பு! நாலும் நீலம்! இரண்டும் நாலும் நேற்றைக்கு ஒரே தாவாகத் தாவி மற்ற இரண்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. எல்லாரும் பாஸ், நாலு பேரும் டிஸ்டிங்க்ஷன். முத்துகிருஷ்ணனுக்குக் கைகால் ஓடவில்லை. என் கைராசி அப்படி. ஆழ்வார்பேட்டையில் ஒரே நேரத்தில் தொள்ளாயிரம் இலை போட்டு, ஒரு இலையில்கூட அப்பளம் நமுக்காமல் பார்த்துக்கொண்ட கை இது.

கார்டுகளை இணைத்திருக்கிறேன். உங்கள் ப்ரொஃபசரிடம் என் பெயரைத் தெளிவாகச் சொல். கமிட்டிக்குப் போட்டோ வேண்டுமானால் ஜரிகை வேஷ்டியில் ஒன்று இருக்கிறது.

மாமா

*

உதய்பூர்,
3-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நமஸ்காரம். கார்டு எல்லாம் வந்தது.

இப்போ சொல்றதுல தப்பில்லை. நாலு பாக்கெட்டுல ரெண்டுலதான் பாக்டீரியா உயிரோட இருந்தது. இரண்டாவதும் நாலாவதும் நான் குக்கர்ல வேகவெச்சு அனுப்பினது. செத்தது. அது புளிக்கவே கூடாது. உயிர் இருக்கறது புளிச்சு, செத்தது புளிக்காம இருந்தாத்தான் இது என் பாக்டீரியாவோட வேலைன்னு அர்த்தம். நாலுமே புளிச்சுடுத்துன்னா, மந்தைவெளிக் காத்துல பறக்கற ஏதோ ஒண்ணே அந்த வேலையைப் பண்றது, என்னோடது வேண்டவே வேண்டாம்னு ஆயிடறது.

உங்க கார்டுல இரண்டும் நாலும் முதல்லேர்ந்தே மெதுவா இறங்கியிருக்கு. ஏழு, ஆறு, ஆறு, அஞ்சு, அஞ்சு. அப்புறம் மூணு. ப்ரொஃபசர் பார்த்துட்டு, "படிப்படியா இறங்கியிருக்கே, அப்போ காத்துல வந்தது தானா வளர்ந்ததுதான், சந்தேகமே இல்லை"ன்னார்.

ஃபோன்ல கேட்டா நீங்க பேசியே ஜெயிச்சுடுவேள். அதனால எழுதிக் கேக்கறேன். அந்த ரெண்டு ஜாடியிலேயும் வேற எதாவது போட்டேளா? துணி அவிழ்ந்துதா? எதுவா இருந்தாலும் சொல்லுங்கோ மாமா.

ஸஹானா

*

மந்தைவெளி,
7-2-2025

குழந்தை ஸஹானாவுக்கு,

ஆசி. உன் கடிதம் படித்தேன். என்னைப் போய் இப்படிக் கேட்கலாமா? நான் என்ன கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேனா? துணி கட்டினது கட்டினபடி இருக்கிறது. நான் போட்ட முடிச்சை யானை வந்தாலும் அவிழ்க்க முடியாது. செத்ததென்று நீ நினைத்தது சாகாமல் இருந்திருக்கும். உங்கள் ஊர்க் குக்கருக்கு விசில் சரியில்லையோ என்னவோ. இங்கே தை மாதக் குளிருக்கு எல்லாம் பிழைத்துக்கொள்ளும்.

கமிட்டிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவை. வேண்டுமானால் நானே ரயிலேறி வருகிறேன்.

மாமா

*

உதய்பூர்,
11-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

சரி மாமா. துணி அவிழலைன்னு நீங்க எழுதினதை அப்படியே எடுத்துண்டேன்.

குக்கர் சரியாத்தான் இருக்கு, மறுபடி சோதிச்சுப் பார்த்துட்டேன். 24-ம் தேதி கமிட்டியில, இது வீட்டு நிலைமையில நிரூபணம் ஆகலை, நானே வேலையை நிறுத்திக்கறேன்னு எழுதிக் குடுக்கப் போறேன். அவா மூடறதுக்கு முன்னாடி நானே மூடினா கொஞ்சம் மரியாதை.

நீங்க தினம் மாடி ஏறினதுக்கு நன்றி. மாமிக்கு முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கேன்.

ஸஹானா

*

மந்தைவெளி,
15-2-2025

ஸஹானா,

உனக்கு நாலு தடவை ஃபோன் பண்ணினேன். நீ "சொல்லுங்கோ மாமா" என்றதும் என் வாய் தானாக வேறு எதையோ பேசிவிட்டது. நாலாம் தடவை தி.நகரில் பாத்திரக் கடைக்காரனோடு சண்டை போட்டதைச் சொன்னேன். அப்படி ஒரு சண்டையே நடக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது பேனா என் வேகத்துக்கு வராது.

நான் போட்டேன்.

27-ம் தேதி உனக்குக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு மாடிக்கு வந்தேன். ஒன்றும் மூன்றும் நுரைத்துக்கொண்டு இருந்தன. இரண்டும் நாலும் வைத்தது வைத்தபடி. முப்பத்தோரு வருஷமாகப் பந்தி பார்க்கிறவன் நான். ஒரு வரிசையில் உட்கார்ந்தவர்களில் ரெண்டு பேருக்குப் போட்டு ரெண்டு பேரைத் தாண்டிப் போகிறது என்பது என் கைக்கு வராது. அது பந்தி வஞ்சனை. முதல் நாள் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொன்னதே அதுதான். என் நெய்க்கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றாம் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி இரண்டுக்கு, மூன்றாம் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி நாலுக்கு. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். துணியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். ஆகையால் துணி விஷயமும் பொய்.

அது ஒரு தப்பு. இன்னொன்று அதைவிடப் பெரிசு. கார்டில் இரண்டுக்கும் நாலுக்கும் நான் போட்ட ஆறும் அஞ்சும் நான் பார்த்ததில்லை. அஞ்சு நாளும் ஏழுதான். பச்சைதான். கல்யாண ஆத்துக்காரர் வந்து, "எல்லாரும் திருப்தியா சாப்ட்டாளா?" என்று கேட்டால், ரெண்டு பேர் இலையை மூடினதை எந்தப் பந்திக்காரன் சொல்லுவான்? தினம் கொஞ்சம் இறக்கிப் போட்டேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

நீ நிறுத்திக்கொள்ளப் போகிறாய் என்கிற கடிதத்தை மாமிக்குப் படித்துக் காட்டினேன். நெய்க்கரண்டியைக் கொண்டுவந்து என் முன்னால் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் பார்த்திருக்கிறாள். முத்துகிருஷ்ணன் வேறு காலண்டர் முன்னால் நின்றுகொண்டு, "ஏன் ஓய், 27 வரைக்கும் இந்த ரெண்டும் பச்சையா இருக்கே, அப்புறம் எப்படிச் சிவந்தது?" என்று கேட்டார். இந்த ஒரு மாசமாக அந்த மனுஷன் கேட்ட கேள்வியிலே இதற்குத்தான் எனக்கு வேர்த்தது.

ஜனவரித் தாளைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். காகிதம் ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறது. நிறம் கொஞ்சம் மங்கித்தான் போச்சு. ஆனால் பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும் இருக்கிறது. அதில் நான் கை வைக்கவில்லை. முத்துகிருஷ்ணன் பயந்ததால் பிழைத்தது அது ஒன்றுதான்.

ஒரே ஒரு வார்த்தை என் பக்கத்துக்குச் சொல்லிக்கொள்கிறேன். இரண்டும் நாலும் விரதம் என்று நீ முதலிலேயே சொல்லியிருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். ஏகாதசி என்று ஒருத்தர் கையை நீட்டித் தடுத்துவிட்டால், அந்த இலைக்கு ஒரு பருக்கை போடமாட்டேன். அது வஞ்சனை இல்லை, மரியாதை. நீ ஏன் என்று கேட்கக் கூடாது என்றாய்.

கமிட்டியில் இந்தக் கடிதத்தைக் காட்டு. என் பெயரைத் தெளிவாகச் சொல் என்று எழுதியிருந்தேனே, சொல்.

மயிலாப்பூர் பெரிய தபாலாபீசுக்கே போய் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

பத்ரி

*

உதய்பூர்,
26-2-2025

அன்புள்ள மாமாவுக்கு நமஸ்காரம்.

19-ம் தேதியே வந்துடுத்து. ரெண்டு நாள் பதில் எழுதலை, கோபமா இருந்தேன். அதுக்கப்புறம் எழுதலை, பயமா இருந்தது.

கமிட்டியில உங்க கடிதத்தை ஹிந்தியில மாத்திப் படிச்சேன். பந்தி வஞ்சனைக்கு வார்த்தை கிடைக்கலை. கையை வெச்சு நாலு இலை போட்டுக் காட்டினேன். ப்ரொஃபசர் தலையைக் குனிஞ்சுண்டுட்டார். நாஸியா மேடம்னு ஒருத்தர், ரொம்பக் கண்டிப்பு, காலண்டர் தாளை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா. "அஞ்சு நாள் பச்சை. ஒரு கரண்டி. ரெண்டு நாள்ல சிவப்பு. காத்துல வந்த ஏதோவா இருந்தா அந்தக் கரண்டிக்காக ஏன் காத்துண்டிருந்தது?"ன்னு கேட்டா. எனக்கு அழுகையே வந்துடுத்து.

ஆனா கார்டைத் திருத்தி எழுதின ஆத்தோட ரிசல்ட்டை நிரூபணமா எடுத்துக்க முடியாதுன்னுட்டா. அதுவும் நியாயம்தான். இன்னொரு தடவை செய்ய ஏப்ரல் வரைக்கும் டயம் குடுத்திருக்கா. ஒரே ஒரு தடவை.

"வேற யார்கிட்டயாவது குடு"ன்னு அம்மா சொன்னா. ப்ரொஃபசரும் சொன்னார். நான் யோசிச்சேன். இந்தப் பாக்கெட் நாளைக்கு ஆயிரம் ஆத்துக்குப் போகணும். அங்கெல்லாம் பச்சையைப் பார்த்துப் பரிதாபப்படற மனுஷா இருப்பா. அவாளுக்குன்னு குறிப்புத் தாள்ல ஒரு வரி சேர்த்திருக்கேன்: "புளிக்காத ஜாடி விரதம் இருக்கிறது. அதற்கு எதுவும் பரிமாற வேண்டாம்." உங்க வரிதான்.

இதோட எட்டு பாக்கெட் வரது. எத்தனை விரதம்னு சொல்லமாட்டேன்.

ஸஹானா

*

மந்தைவெளி,
16-3-2025

ஸஹானாவுக்கு மாமா எழுதுவது.

கார்டுகள் உள்ளே. பத்தாம் தேதி திங்கட்கிழமை ஆரம்பித்தது. இன்றைய நிலவரம்: 1, 4, 5, 8 சிவப்பு, மூன்று. நீல அட்டையில் நாலு. 2, 3, 6, 7 பச்சை, ஏழு. நீலம் இல்லை.

ஆறாம் ஜாடியின் துணி 13-ம் தேதி காலம்பற நழுவியிருந்தது. நான்தான் சரியாகக் கட்டவில்லை. எறும்பு ஒன்று உள்ளே கிடந்தது. கார்டில் எழுதியிருக்கிறேன். 14-ம் தேதி தி.நகர் சத்திரத்தில் முகூர்த்தம், வீடு திரும்புவதற்குள் இருட்டிவிட்டது, மாடி ஏறவில்லை. அன்றைய எட்டுக் கட்டமும் காலி. காலியாகவே விட்டிருக்கிறேன். மறுநாள் பேனா அந்தக் கட்டத்துப் பக்கம் போனது. மூடி வைத்துவிட்டேன்.

முத்துகிருஷ்ணன் இப்போது தரையைத் தட்டுவதில்லை. ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்து, "கல்லு எப்படிய்யா கரையறது?" என்று என்னைக் கேட்கிறார். கால்சியம், புளிப்பு, கை விடுகிறது என்று நீ எழுதினதை எழுதினபடி சொன்னேன். பரங்கிமலை பேச்சே எடுக்கவில்லை.

நேற்று அக்கா, உன் அம்மா, ஃபோன் பண்ணினாள். "எப்படிடா போறது?" என்றாள். "நாலு புளிச்சிருக்கு, நாலு புளிக்கலை" என்றேன். "அப்புறம்?" என்றாள். "அவ்வளவுதான்" என்றேன்.

அதற்கப்புறமும் ஃபோனை வைக்காமலே இருந்தாள். எதைக் கழிக்கிறதென்று தேடியிருப்பாள்.

பத்ரி